டேபிள் சா மெஷினில் துண்டு போடப் பழகுவோம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்தக் கூட்டத்துக்கு வந்தா நாங்க சேமிப்பு, உள்கடன், பதிவேடு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு மெஷினைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆலங்குடி, திருவரங்குளம் பக்கத்துக் குழுக்கள் சில சேர்ந்து தேனீப் பெட்டி செய்யும் தொழிலுக்குக் கடன் கேட்டிருக்கிறார்கள். திட்ட அறிக்கையை உட்கார்ந்து படித்தோம். மரம் எவ்வளவு, மெஷின் எவ்வளவு, ஆணி, பெயிண்ட், கொட்டகை வாடகை எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: "மெஷின் ஓட்ட வெளி ஆள் கூலி." அந்த இடத்தில்தான் நின்றுவிட்டோம்.

ஏன் வெளி ஆள் என்று கேட்டோம். "அது ஆம்பளைங்க வேலைங்க" என்றார் ஒருவர். "விரல் போயிடும்" என்றார் இன்னொருவர்.

முதல் பதிலுக்கு நம்ம மாவட்டமே மறுபதில் சொல்லியிருக்கிறது. 1991, 92 வாக்கில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலாராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்தார். அப்போது ஆயிரக்கணக்கான புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். கேலி பேசியவர்கள் எத்தனை பேர்! இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கே பாதிப் பேர் ஸ்கூட்டியில் வந்திருக்கிறீர்கள். இன்னொரு கதையும் உண்டு. மேசையில் சுற்றும் வட்ட ரம்பத்தை அமெரிக்காவில் ஷேக்கர் என்ற சமயக் குழுவைச் சேர்ந்த டபிதா பாபிட் என்ற நெசவுக்காரப் பெண்தான் 1813 வாக்கில் கண்டுபிடித்தார் என்பார்கள். வரலாறு எழுதுகிற எல்லாரும் இதை ஒத்துக்கொள்வதில்லை. கதையாகவாவது வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது பதில் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. விரல் போகும் என்ற பயம் சரியான பயம்தான். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சா பிளேடு பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று அங்கத்திய அரசு அமைப்பே கணக்கு சொல்கிறது. அதில் வருஷக்கணக்கில் ரம்பம் ஓட்டிய கைதேர்ந்தவர்களும் உண்டு. ஆகவே ஆம்பளை ஓட்டினால் விரல் நிற்கும், பொம்பளை ஓட்டினால் போகும் என்பது இல்லை. மரம் ஏன் துள்ளுகிறது என்று தெரிந்தவருக்கு ஆபத்து குறைவு, தெரியாதவருக்கு அதிகம். அவ்வளவுதான். தோலில் பட்டதும் கண் இமைக்கும் முன் தானே நின்றுவிடும் மெஷின் ஒன்றை 1999-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். நம்ம கடனில் வாங்கும் மெஷினில் அந்த வசதி கிடையாது. அதனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது இன்னும் அதிகம்.

கூலி ஆளைக் குறை சொல்லவும் நாங்கள் வரவில்லை. ஆனால் பாருங்க, பத்துப் பெண்கள் ஆணி அடிக்க, தேய்க்க, பெயிண்ட் அடிக்க உட்கார்ந்திருப்பார்கள். வெட்டுகிற ஒருத்தர் அன்றைக்கு வரவில்லை என்றால் பத்துப் பேருக்கும் வேலை இல்லை. நல்ல கூலி வெட்டுகிறவருக்கு, மீதி கூலி மற்றவருக்கு. கடன் தவணை மட்டும் பத்துப் பேர் தலையிலும்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

ஒரு இரும்பு மேசை. நடுவில் ஒரு பிளவு. அதன் வழியே வட்ட பிளேடு மேலே எட்டிப் பார்க்கும். பிளேடு அங்கேயே நின்று சுற்றும், நாம்தான் மரத்தைத் தள்ளிக் கொண்டு போகிறோம். 10 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 2880 சுற்று சுற்றினால் அதன் பல் போகும் வேகம் மணிக்குச் சுமார் 138 கிலோமீட்டர். திருச்சி ரோட்டில் போகும் எந்த பஸ்ஸும் அந்த வேகம் போகாது.

மரத்தில் இரண்டு விதமாக அறுக்கலாம். நார் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் அறுப்பதைக் கிழிப்பது என்கிறோம். நாருக்குக் குறுக்கே அறுப்பதைத் துண்டு போடுவது என்கிறோம். பிளேடும் வேறு வேறு. கிழிக்க 24, 30 பல் உள்ளது போதும். துண்டு போட 60, 80 பல் உள்ளது வாங்குங்கள். பல் குறைவான பிளேடில் குறுக்கே அறுத்தால் நார் பிய்ந்து, ஓரம் எலி கடித்த மாதிரி இருக்கும்.

இன்றைக்குத் துண்டு போடுவது மட்டும். கிழிப்பதற்கு வேறு ஒரு நாள் வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பிளேடின் முன்பக்கப் பல், அதாவது நம் பக்கத்துப் பல், மேலிருந்து கீழே இறங்குகிறது. மரத்தை மேசையோடு அழுத்துகிறது. அது நமக்கு நல்லது. ஆனால் பின்பக்கப் பல் கீழிருந்து மேலே ஏறி, நம்மைப் பார்த்து வருகிறது. வெட்டி முடியும் நேரத்தில் மரம் கொஞ்சம் கோணலாகத் திரும்பி அந்தப் பின்பல்லில் மாட்டினால் என்ன ஆகும்? பல் மரத்தைத் தூக்கி, அந்த 138 கிலோமீட்டர் வேகத்தில் நம் வயிற்றுக்கு அனுப்பும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள், நம்ம ஆசாரிகள் "மரம் திருப்பி அடிச்சிருச்சு" என்பார்கள். மரம் வந்து அடிப்பது ஒரு ஆபத்து. மரம் கையை விட்டுப் போன அந்த நொடியில், தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடு மேலேயே போய் விழுவது அதைவிடப் பெரிய ஆபத்து. விரல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

அப்படியானால் மரம் ஏன் திரும்புகிறது? மேசையின் வலது பக்கத்தில் பிளேடுக்கு இணையாக ஒரு நீளச் சட்டம் இருக்கும். ஃபென்ஸ் என்பார்கள், சில பட்டறையில் கைடு என்பார்கள். கிழிக்கும்போது பலகையின் நீளப் பக்கம் முழுக்க அதில் சாய்ந்து போகும், அசையாது. துண்டு போடும்போதோ பலகையின் குட்டைப் பக்கம்தான் ஃபென்ஸில் படும். நாலு அங்குலம் அகலமுள்ள பலகை என்றால் வெறும் நாலு அங்குலம்தான் பிடிமானம், மீதி நீளமெல்லாம் வெளியே தொங்குகிறது. துளி தடுமாறினாலும் திரும்பிவிடும். வெட்டுப்பட்ட துண்டு ஒரு பக்கம் பிளேடு, மறுபக்கம் ஃபென்ஸ், நடுவில் மாட்டிக்கொள்ளும். வெளியே போக வழி இல்லாத துண்டுக்கு ஒரே வழி நம் பக்கம்தான்.

அதனால் ஒன்று மட்டும் மனசில் வையுங்கள். துண்டு போடும்போது ஃபென்ஸை அளவுக்கு வைத்து, மரத்தை அதில் உரசிக்கொண்டு தள்ளவே கூடாது. "நேரம் மிச்சம்" என்று இப்படிச் செய்கிறவர்களை நிறையப் பட்டறைகளில் பார்க்கிறோம். தினமும் செய்கிறார், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். ஆகாத வரைக்கும் ஆகவில்லைதான்.

தள்ளுபலகை செய்துகொள்வோம்

மெஷினோடு மைட்டர் கேஜ் என்று ஒரு சாமான் வரும். மேசையில் பிளேடுக்கு இணையாக இரண்டு காடி இருக்கும், அதில் ஓடும். மரத்தை அதில் சாய்த்துத் தள்ளலாம். ஆனால் அது குட்டையானது, லூசாக ஆடும். நாம் செய்யப்போகும் வேலைக்குத் தள்ளுபலகைதான் சரி. இதைக் கடையில் வாங்க வேண்டாம், நாமே செய்யலாம். பயிற்சியில் முதல் வேலையே இதுதான்.

12 மில்லி பிளைவுட் ஒரு துண்டு, இரண்டடிக்கு இரண்டடி போதும். அதன் அடியில் இரண்டு கெட்டி மர ரீப்பர், இரண்டு காடியிலும் ஆடாமல், இறுகாமல் ஓடுகிற மாதிரி. மேலே முன்னாலும் பின்னாலும் இரண்டு தடித்த சட்டம். நம் பக்கத்துச் சட்டம்தான் உயிர். பிளேடுக்குச் சரியாக 90 டிகிரியில் அது நிற்க வேண்டும். மரத்தை அந்தச் சட்டத்தில் சாய்த்து வைத்து, பலகையோடு சேர்த்துத் தள்ளுவோம். மரம் மேசையில் உரசுவதில்லை, ஃபென்ஸில் உரசுவதில்லை. பலகை மேல் உட்கார்ந்து பல்லக்கில் போகிற மாதிரி போகிறது. எங்கே திரும்பும்? ஃபென்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஒரு விஷயம். வெட்டி முடியும்போது பிளேடு நம் பக்கத்துச் சட்டத்தையும் அறுத்துக்கொண்டு வெளியே வரும். அந்த இடத்தில்தான் கட்டைவிரலை வைத்துப் பிடிக்கத் தோன்றும். அதனால் சட்டத்தின் வெளிப்புறம், பிளேடு வரும் இடத்தில், மூன்று அங்குலத் தடிப்பில் ஒரு கட்டையை ஒட்டிச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். கை சிவப்பைத் தொடக் கூடாது. பிளேடு அந்தக் கட்டையைத் தாண்டாதபடி மேசையில் ஒரு தடையும் வைக்க வேண்டும்.

பிளேடு உயரம் மரத்துக்கு மேல் ஒரு பல் அளவு தெரிந்தால் போதும். முழுசாகத் தூக்கி வைத்து ஓட்டுவது வீரம் இல்லை. நிற்பது பிளேடுக்கு நேரே அல்ல, ஒரு சாண் இடது பக்கம் தள்ளி. வெட்டுப்பட்டு ஓரமாகக் கிடக்கும் சின்னத் துண்டைக் கையால் எடுக்கவே கூடாது. சுவிட்சை அணைத்து, பிளேடு முழுசாக நின்ற பிறகு எடுக்கலாம். அணைத்த பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் சுற்றும். சத்தம் நின்றதை வைத்து நின்றது என்று நினைக்காதீர்கள், கண்ணால் பாருங்கள்.

தேனீ கேட்கும் அளவு

இனி அளவைப் பற்றி. தேனீப் பெட்டி என்பது ஏதோ நாலு பலகையை அடித்த டப்பா இல்லை. நம்ம பக்கம் அதிகம் பயன்படும் பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். பக்கத்தில் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருந்த நியூட்டன் பாதிரியார் உருவாக்கியது. 1911 முதல் 1917 வரை கொடைக்கானல் மலையில் செண்பகனூரில் கிராமத்து ஆட்களுக்குத் தேனீ வளர்க்கப் பழக்கியவர் அவர். நம்ம நாட்டு அடுக்குத் தேனீ சின்னது, அதற்கு ஏற்ற சின்னப் பெட்டி.

அதற்கும் முன்னால் 1851-ல் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். பெட்டிக்குள் தேனீ நடமாட விடும் சந்து சுமார் 6 முதல் 9 மில்லிமீட்டர்தான். அந்த அளவு இடைவெளி விட்டால் அதைப் பாதையாக வைத்துக்கொள்ளும். அதிகமாக விட்டால் அந்த இடத்திலும் அடை கட்டிவிடும், சட்டத்தை வெளியே எடுக்கவே முடியாது. குறைவாக விட்டால் உள்ளே போக முடியாது. இன்றைக்கு உலகம் முழுக்க சட்டம் வைத்த பெட்டி எல்லாம் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இப்போது யோசியுங்கள். விளையாட இருக்கும் இடமே இரண்டு மூன்று மில்லிதான். பெட்டிப் பலகையை 3 மில்லி குட்டையாக அறுத்துவிட்டால் தேனீயின் பாதை அடைபட்டுவிடும். வாங்கிய விவசாயி ஒரு வருஷம் பார்த்துவிட்டு, "மகளிர் குழு பெட்டி சரியில்லை" என்பார். மரம் நல்லதாக இருந்தும், பெயிண்ட் பளபளவென்று இருந்தும் பிரயோசனம் இல்லை. காதி கிராமத் தொழில் ஆணையம் 2017-ல் தொடங்கிய தேன் இயக்கத்தில் நாடு முழுக்க விவசாயிகளுக்குப் பெட்டி கொடுத்தார்கள். இந்த மாதிரி ஆர்டர் வேண்டும் என்றால் ஒரு பெட்டியின் சட்டம் இன்னொரு பெட்டியில் உட்கார வேண்டும்.

நியூட்டன் பெட்டியில் கீழறையில் 7 சட்டம், மேலே தேன் அறையில் உயரம் குறைந்த 7 சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் மேல்கட்டை, கீழ்க்கட்டை, பக்கக்கட்டை இரண்டு. ஆக ஒரு பெட்டிக்கு 56 துண்டு. மேல்கட்டை 14, கீழ்க்கட்டை 14, பெரிய பக்கக்கட்டை 14, சின்னப் பக்கக்கட்டை 14. நாலே நாலு நீளம். இருபது பெட்டி ஆர்டர் வந்தால் 1120 துண்டு. ஒவ்வொன்றையும் டேப் வைத்து, பென்சிலில் கோடு போட்டு அறுத்தால் நாள் போதாது. அளவும் ஒன்றுபோல் வராது. பென்சில் கோடே அரை மில்லி தடிமன், கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது அறுக்கிறவர் மனநிலையைப் பொறுத்தது.

இதற்குத்தான் ஸ்டாப்பர் கட்டை. தள்ளுபலகையின் சட்டத்தில், பிளேடிலிருந்து வேண்டிய நீளத்தில் ஒரு சின்னக் கட்டையை கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவோம். ரீப்பரின் முனையை அதில் முட்டவைத்து வெட்டு. தள்ளு, முட்டவை, வெட்டு. நூறு துண்டும் ஒரே நீளம். டேப் ஒரே ஒரு தடவை, முதல் துண்டுக்கு மட்டும். பத்துப் பதினைந்து துண்டுக்கு ஒரு தடவை முதல் துண்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப்பர் முனையில் மரத்தூள் சேர்ந்தால் அடுத்த துண்டு அந்தத் தூள் அளவு குட்டையாகிவிடும். அதனால் ஸ்டாப்பரின் அடி மூலையைக் கொஞ்சம் சீவிவிடுங்கள், தூள் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். சின்ன விஷயம்தான், ஆனால் பாதிப் பிழை இதில்தான் வருகிறது.

ஸ்டாப்பர் தள்ளுபலகையோடு சேர்ந்து நகர்கிறது, அதனால் துண்டு மாட்டாது. அதே ஸ்டாப்பரை மேசையின் ஃபென்ஸில் வைத்தால் கதை வேறு, முன்னே சொன்ன ஆபத்து திரும்பி வந்துவிடும். பக்கக்கட்டை மாதிரி ஒரு சாண் நீளமே உள்ள துண்டை விரலால் பிடிக்க வேண்டாம். ஒரு குச்சியின் முனையில் ரப்பர் ஒட்டி அதனால் அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் அழுத்தும் கிளாம்ப் ஒன்றைத் தள்ளுபலகையில் பொருத்துங்கள். வெட்டி முடிந்ததும் மெஷினை அணைத்து, பிளேடு நின்ற பிறகுதான் அழுத்தியதை விட வேண்டும்.

தள்ளுபலகை 90 டிகிரிதானா என்று எப்படித் தெரியும்? மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற பிழையை மட்டும்தான் காட்டும். இன்னொரு வழி இருக்கிறது, கணக்கு எழுதும் உங்களுக்குப் பிடிக்கும். ஒன்றேகால் அடிச் சதுரமாக ஒரு பழைய பிளைவுட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை அறுங்கள். அறுத்த பக்கத்தைச் சட்டத்தில் சாய்த்து அடுத்த பக்கத்தை அறுங்கள். இப்படியே நாலு பக்கமும். ஐந்தாவதாக, முதலில் அறுத்த பக்கத்தையே மறுபடி ஒரு அங்குல அகலத்துக்கு நீளப் பட்டையாக அறுத்து எடுங்கள். அந்தப் பட்டையின் இரண்டு முனை அகலத்தையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். ஒரு முனை 25.0 மில்லி, மறுமுனை 26.2 மில்லி என்றால் வித்தியாசம் 1.2. ஒவ்வொரு வெட்டிலும் இருந்த பிழை நாலு தடவை சேர்ந்து இதில் தெரிகிறது. நாலால் வகுத்தால் 0.3 மில்லி. பட்டையின் நீளத்துக்கு அவ்வளவு கோணல். சட்டத்தின் ஒரு பக்கத் திருகைத் தளர்த்தி அந்த அளவு நகர்த்தி, மறுபடி ஐந்து வெட்டு. ஒரு மாசத்தில் கண்ணில் படாத ரூபாய் வித்தியாசம் நாலு மாசம் சேர்ந்ததும் ரொக்கப் புத்தகத்தில் தெரிகிறது இல்லையா, அதே மாதிரிதான்.

இதையெல்லாம் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் சரி செய்ய வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது.

சேலை, வளையல், கரண்ட்

சேலை முந்தானை, துப்பட்டா, தொங்கும் பின்னல், வளையல், தாலிக் கயிறு, இவை எல்லாம் சுற்றும் மெஷினுக்கு அழைப்பிதழ் மாதிரி. சித்தாள் வேலைக்குப் போகும் நம்ம பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டு முழங்கை வரை மடித்துக்கொள்கிறார்களே, அதுவே இங்கேயும் நல்ல உடை. கயிறும் செயினும் சட்டைக்குள். தலைமுடியைக் கொண்டை போட்டு துணி கட்டிக்கொள்ளுங்கள். வளையலைக் கழற்ற வேண்டும் என்று சொன்னால் வீட்டில் மாமியார் ஏதாவது சொல்வார்களோ என்று ஒரு குழுவில் கேட்டார்கள். சொல்லலாம். அதைப் பற்றி மாமியாரிடமும் வந்து பேச நாங்கள் தயார், ஆனால் வளையலோடு மெஷின் முன்னால் நிற்க விட மாட்டோம்.

ஒன்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கையுறை போடக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்து சில இடங்களில் கையுறை வாங்கிக் கொடுக்கிறார்கள். பல்லில் கையுறை நூல் மாட்டினால் விரலோடு கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். வெறும் கைதான். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், காதுக்குப் பஞ்சு இல்லை, காதடைப்பான் வேண்டும். மூக்குக்கு முந்தானை போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது.

கரண்ட் விஷயம் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. மெஷின் நின்றுவிட்டது, துண்டை எடுக்கலாம் என்று கையை நீட்டுகிறோம். அந்த நேரம் கரண்ட் திரும்பி வந்தால்? சாதாரண சுவிட்ச் போட்டிருந்தால் மெஷின் தானாகவே சுற்ற ஆரம்பித்துவிடும். வயலில் பம்புசெட்டுக்குப் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் வைத்த ஸ்டார்ட்டர் இருக்கிறதே, கரண்ட் போய் வந்தால் பச்சையை மறுபடி அமுக்கினால்தான் ஓடும். அந்த மாதிரி ஸ்டார்ட்டர்தான் நம் மெஷினுக்கும் வேண்டும். கொட்டேஷன் வாங்கும்போது இதைத் தனி வரியாக எழுதிக் கேளுங்கள். எர்த் கம்பியும் கேளுங்கள். பிளேடுக்குப் பின்னால் வெட்டுவாயை விலக்கிப் பிடிக்கும் தகடு ஒன்று, ரிவிங் நைஃப் என்பார்கள், அது மெஷினோடு வருகிறதா என்று பாருங்கள். வந்ததைக் கழற்றி மூலையில் போட வேண்டாம்.

மரத்தையும் பார்த்து வாங்க வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் நம்ம பக்கம் தென்னை, பலா எல்லாம் சாய்ந்து கிடந்தது யாருக்கும் மறக்காது. அப்போது அறுத்துப் போட்ட தென்னம் பலகை இன்னும் சில வீட்டில் இருக்கிறது, அதை உபயோகிக்கலாமா என்று கேட்டார்கள். தென்னை பிளேடை சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய பிளேடை அழுத்தித் தள்ள வேண்டி வரும், அழுத்தினால் கை வழுக்கும். தைலமரம் மலிவுதான், நம்ம மாவட்டத்தில் காடு காடாக நிற்கிறது. ஆனால் காயும்போது முறுக்கும், வெடிக்கும். முறுக்கிய பலகை தள்ளுபலகையில் படியாமல் ஆடும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்ததாக, வாசனை இல்லாததாக, நேராக இருக்க வேண்டும். பழைய மரம் என்றால் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

ஆகக் கூடாது. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். மெஷினை அணைத்து, சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-க்குக் கூப்பிடுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீர் உள்ள இன்னொரு கவரில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது, விரலைத் தண்ணீரில் மிதக்க விடவும் கூடாது. மஞ்சள், காப்பித்தூள் வைக்க வேண்டாம். சரியாகக் கொண்டு போனால் ஒட்ட வைக்க வாய்ப்பு இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே பல பத்தாண்டுகளாகத் தனித் துறை இருக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்குள் நேரமாகிவிடும், எங்கே அனுப்ப வேண்டும் என்று புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டு அதன்படி போங்கள்.

காப்பீடு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதமரின் விபத்துக் காப்பீடு, அது இருக்கிறது என்று தைரியமாக இருக்கிறோம். அது இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ செயலிழந்தால் 1 லட்சம். விரல் போனால் அதில் ஒன்றும் கிடையாது. ஆகவே மெஷின் கடனோடு சேர்த்து, விரல் இழப்பையும் சேர்த்துக்கொள்ளும் தனிநபர் விபத்து பாலிசி ஒன்றைத் தொழில் செலவில் போடச் சொல்லி அறிக்கையைத் திருத்தியிருக்கிறோம். தச்சு வேலைக்கு வருகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய முடியுமா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், தச்சர்கள் அந்தப் பட்டியலில் உண்டு.

பயிற்சி எப்படி நடக்கும் என்றால், முதல் இரண்டு நாள் பிளக்கே சொருக மாட்டோம். தள்ளுபலகை செய்வது, மரத்தை வைப்பது, நிற்பது, தள்ளுவது, எல்லாம் நின்ற பிளேடோடு. மூன்றாம் நாள்தான் பச்சை பட்டன். ஒரு நேரத்தில் மெஷின் பக்கத்தில் ஒருத்தர்தான். வெட்டுகிறவரிடம் யாரும் பேசக் கூடாது, பின்னால் போய்த் தொடக் கூடாது, செல்போன் கொட்டகைக்கு வெளியே. சாயங்காலம் உடம்பு அசந்துபோனதும் மெஷினை நிறுத்திவிட்டு ஆணி அடிக்கும் வேலையைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். ஒருத்தர் மட்டும் வேண்டாம், அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மறுபடி வெளி ஆள்தான். பெயர்ப் பட்டியல் இந்த மாசக் கடைசிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். வரும்போது பழைய முழுக்கைச் சட்டை ஒன்று கொண்டு வாங்க. வளையலைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.